மார்கழியில் ஓடிய இழைப்பு மெஷின்

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிக்கு வந்திருந்த சம்பந்தி நாச்சிமுத்து இன்று பொள்ளாச்சிக்குக் கிளம்பினார். பேசாமல் கிளம்பியிருக்கலாம். வாசல்படியில் நின்றுகொண்டு, "கிருத்திகா புது வீட்டுக்கு டைனிங் டேபிள் கடையிலயே பாத்துக்கலாம்னு இருக்கறனுங்க," என்றார்.

"கடை எதுக்குங்க சம்பந்தி? எம் பொண்ணு வீட்டுக்கு நானே செஞ்சு தர்றனுங்க," என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. கோதை சமையலறை வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் முழுப்பெயர் பூங்கோதை. முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சண்டை என்று அர்த்தம், அதனால் கோதை.

என் தச்சுத் திறமைக்கு வாசலில் ஒரு செருப்பு ஸ்டாண்டு இருக்கிறது. நான்கு கால்கள், மூன்று தரையைத் தொடும். ஆனால் வாக்கு வாக்குதான். கல்யாண மண்டபத்தில் முப்பது வருடம் மேனேஜராக இருந்தவன் இந்தச் சென்னியப்பன். மாப்பிள்ளை வராமல்கூட ஒரு முகூர்த்தத்தைச் சமாளித்திருக்கிறேன், ஒரு மேசை என்ன பெரிய மேசை.

மரம் தயார். மண்டபத்தின் பழைய மணமேடையைப் பிரித்துப் போட்டபோது தேக்குப் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து கார் ஷெட்டில் அடுக்கிவைத்திருக்கிறேன். கார் இல்லாததால் இடம் தாராளம். கிருத்திகாவுக்குத் தாலி ஏறியது அந்தப் பலகைகளின் மேல்தான். இதைச் சொன்னதும் சம்பந்திக்குக் கண் கலங்கிவிட்டது. புது வீட்டுப் புகுவிழா தை பதினெட்டு. நிறைய நாள் இருக்கிறது.

நவம்பர் 5, செவ்வாய்

நிறையப் பலகை இருக்கிறது, ஒன்றுகூட நேராக இல்லை. இரண்டைச் சேர்த்து வைத்தால் நடுவில் பல்லி போய் வருகிறது. கை இழைப்புளியால் அரைமணி நேரம் தள்ளினேன். பலகை அப்படியே இருந்தது, என் இடுப்பு அப்படி இல்லை.

"மரக்கடையில குடுத்தா இழைச்சுத் தருவாங்களே," என்றாள் கோதை. போய்க் கேட்டேன். பழைய மரத்தில் ஆணி இருக்கும், எங்கள் மெஷினில் ஏற்ற மாட்டோம் என்று இரண்டு கடையிலும் கையை விரித்துவிட்டார்கள்.

ஆகவே சொந்தமாக ஓர் இழைப்பு மெஷின் வாங்குவதென்று முடிவு செய்தேன். நீள மேசை மாதிரி இருக்கும். நடுவே ஓர் உருளை, அதில் மூன்று பிளேடு. உருளை சுற்றும்போது பலகையை மேலே வைத்துத் தள்ளினால் முகம் சமமாகும், ஓரம் நேராகும். அப்புறம் இரண்டு பலகைக்கு நடுவில் மயிர்கூட நுழையாது. செல்போனில் எட்டு வீடியோ பார்த்தேன். எனக்கு இப்போது எல்லாம் தெரியும்.

நவம்பர் 10, ஞாயிறு

வாங்கிவிட்டேன்!

ஒண்டிப்புதூரில் ஆறுச்சாமி என்பவர் தச்சுப் பட்டறையை மூடிவிட்டு ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருக்கிறார். பழைய மெஷினை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஆறுச்சாமிக்கே நான் கற்றுக்கொடுத்தேன் எனலாம். நீள இரும்பு ஸ்கேலை மேசை மேல் நிறுத்தி, அடியில் வெளிச்சம் வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். வரவில்லை. மேசை கோணாமல் இருக்கிறது. உருளையைக் கையால் சுற்றி ஆட்டிப் பார்த்தேன், பேரிங்கில் ஆட்டம் இல்லை. பிளேடு மட்டும் அங்கங்கே பல் போயிருந்தது.

"பிளேடு சாணைக்குக் குடுத்துருங்க சார். பேரிங் போன வருசந்தான் மாத்துனது," என்றார் அவரே.

"பிளேடுக்கு மேல மூடி இருக்கணுமே, எங்கீங்க?"

"அது கழட்டி வருசக் கணக்காச்சுங்க. வேலைக்கு எடைஞ்சல்னு எடுத்து வெச்சது. வீட்ல எங்கயோ கெடக்குது, தேடி வெக்கறேன். மூடி இல்லாம ஓட்டாதீங்க சார்."

இவர் வருடக்கணக்காக மூடி இல்லாமல் ஓட்டுவாராம், எனக்கு மட்டும் புத்தி சொல்வாராம்.

ஒரே ஒரு குறை. பேரம் முடிந்து வெற்றிலை பாக்கு வைத்துத்தான் பணம் கொடுத்தேன், எனக்கு அப்படித்தான் பழக்கம். அவரோ பிளேடு கழற்றும் சாவியை இடது கையால் நீட்டினார். வலது கையில் ஒரு துண்டைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தார், கோவில் பூசாரி மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடம் தாம்பூலப் பை கொடுக்கும் பையன்களை வலது கை, வலது கை என்று கத்தியே தொண்டை போனவன் நான்.

"ஏனுங்க, நல்ல காரியத்துக்கு இடது கையிலயா குடுக்கறது? எத்தன வயசு ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சாவியை மெஷின் மேல் வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் போய், "நீங்களே எடுத்துக்கங்க சார். நல்லா ஓடட்டும்," என்றார்.

சில பேருக்கு ஐம்பது வயதிலும் யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

பாதுகாப்பு விதிகள் எழுதி, லேமினேட் செய்து, ஷெட் சுவரில் மாட்டினேன். மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது. உருளைக்கு மேலே வெறுங்கை போகக் கூடாது. ஒரு முழத்துக்குக் குறைவான கட்டையை ஏற்றக் கூடாது. தொங்கும் துணி, கையுறை கூடாது. பலகையை அழுத்திப் பிடிக்கும் தள்ளுகட்டை இல்லாமல் தள்ளக் கூடாது. பிளேடைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்கு. ஓடும் மெஷின் முன்னால் நிற்பவரைக் கூப்பிடாதே.

கோதை தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்று முழுவதும் படித்தாள். பக்கத்துத் தெருவுக்கெல்லாம் பிளவுஸ் தைப்பவள் அவள்.

"கடைசி ஒண்ணு நல்லா இருக்குதுங்க. நான் தைக்கறப்பவும் அத மாட்டி வெக்கலாம்."

நவம்பர் 16, சனி

பிளக்கைச் செருகப் போனால் செருக முடியவில்லை. மோட்டாருக்கு மூன்று பேஸ் மின்சாரம் வேண்டுமாம், வீட்டில் இருப்பது ஒன்று. எட்டு வீடியோவில் ஒருவன்கூட இதைச் சொல்லவில்லை. மோட்டார்காரர் வந்து பார்த்து, ஒரு பேஸ் மோட்டார் மாற்றித் தருகிறேன் என்றார். "வாங்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாமில்லீங்க சார்?" என்றும் சொன்னார். இவர்களுக்கெல்லாம் வாய் நீளம்.

நவம்பர் 21, வியாழன்

மோட்டார் மாட்டியாயிற்று, எர்த் கொடுத்தாயிற்று, சாணை பிடித்த பிளேடையும் மோட்டார்காரரே மாட்டினார். பலகை போய்ச் சேரும் பக்கத்து மேசை பிளேடின் உச்சிக்குச் சரிமட்டமாக இருக்க வேண்டும், ஏறும் பக்கம் ஒரு நூல் தாழ்வாக இருக்க வேண்டும். அதையும் பார்த்து வைத்தார்.

"போட்டுப் பாக்கலாங்களா?" என்று அவர் சுவிட்சில் விரல் வைத்த நேரம், அவருக்குக் காபி கொடுக்கவில்லை என்பது எனக்கு நினைவு வந்தது. கோதை கடைக்குப் போயிருந்தாள். உள்ளே போய் நானே பால் காய்ச்சிக் காபி போட்டேன். சமையலறை வரைக்கும் சத்தம் வந்தது. டம்ளர் ஸ்டாண்டில் டம்ளர்கள் நடுங்கின. நல்ல மோட்டார்.

காபியோடு போனபோது நிறுத்தியிருந்தார். "ஓடறத நீங்க பாக்கலீங்களே சார்," என்றார். எனக்கு விருந்தோம்பல் முக்கியம்.

நவம்பர் 23, சனி

மூன்று நாளாக ஆணி பிடுங்குகிறேன். காந்தத்தைப் பலகை மேல் நகர்த்தினால் ஒட்டுகிற இடமெல்லாம் ஆணி. முப்பது வருடத்து அலங்காரக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மேடையில் ஆணி அடிக்காதே என்று ஒவ்வொருவனிடமும் சண்டை போட்டிருக்கிறேன். ஒவ்வொருவனும் "அடிக்கவே இல்லீங்க மேனேஜர்" என்று சத்தியம் செய்திருக்கிறான்.

"எப்பங்க ஆரம்பிக்கறது?" என்று கேட்டாள் கோதை. மூடி வரட்டும் என்றேன். நாளைக்கு ஆறுச்சாமி வீட்டுக்குப் போக வேண்டும்.

நவம்பர் 24, ஞாயிறு

மூடி கிடைத்தது. திரும்பும்போது மழை.

நவம்பர் 25, திங்கள்

நேற்று சரியாக எழுதவில்லை.

ஆறுச்சாமி பரண் மேல் ஏறித் தேடிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று, வாங்கிப் போய் இரண்டு வாரம் ஆகிறது, இதுதான் நீங்கள் வியாபாரம் செய்யும் லட்சணமா என்று பேசிக்கொண்டிருந்தேன். அவர் இறங்கும்போது துண்டு நழுவிக் கீழே விழுந்தது. வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் இருந்தன. நடுவில் எதுவும் இல்லை.

மூடியை அந்த இரண்டு விரலுக்கு நடுவில் இடுக்கி என் முன்னால் நீட்டினார்.

"வலது கையாலயே குடுக்கறனுங்க சார். வாங்கிக்கங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் கேட்டதற்கு இன்றைக்குச் செய்தார், அவ்வளவுதான். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "எப்படிங்க ஆச்சு?" என்றேன்.

"முக்காலிக்குக் காலு. அரையடிக் கட்டை. சின்னக் கட்டைதானேன்னு கையிலயே புடிச்சுத் தள்ளுனனுங்க. கட்டை துள்ளிப் போச்சு, கை எறங்கிருச்சு. வலிக்கக்கூட இல்லீங்க சார் மொதல்ல. சத்தம் மட்டும் கொஞ்சம் மாறுச்சு."

உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். இடது கையால்தான் கொடுத்தார். குடித்தேன்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மோர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 26, செவ்வாய்

மூடி கிடைத்ததா என்று கோதை கேட்டாள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். மூடி பீரோ மேல் சூட்கேஸுக்குப் பின்னால் துணி சுற்றி இருக்கிறது. துருப்பிடிக்காமல் இருக்க அங்கேதான் வைக்க வேண்டும். மாட்டுவதற்கு முன் அதன் ஸ்பிரிங்கை நன்றாகப் பரிசோதிக்கவும் வேண்டும், அவசரப்பட்டு மாட்டக் கூடாது. பயம் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு மெஷினைப் பற்றித் தெரியாது என்று அர்த்தம்.

ஆறுச்சாமி கையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. பெண்கள் பயந்துகொள்வார்கள்.

டிசம்பர் 1, ஞாயிறு

"இன்னைக்கு அமாவாசை, நல்ல நாளுங்க. ஒரு பலகையாச்சும் போட்டுப் பாக்கலாமில்லீங்களா?"

"மூடி இல்லாம எப்படி?"

"அந்தப் பட்டறையில மூடி இல்லாமத்தான வருசக் கணக்கா ஓடுச்சுன்னு நீங்களே சொன்னீங்க?"

"அவரு ஓட்டுனா நாமளும் ஓட்டறதா? சுவத்துல என்ன எழுதி வெச்சிருக்குது?" என்று சத்தம் போட்டேன். திரும்பத் தைக்கப் போய்விட்டாள். பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவன் என்று அவளுக்குப் புரிந்திருக்கும்.

டிசம்பர் 8, ஞாயிறு

கிருத்திகா போன் செய்தாள். மாமனார் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாராம், மேசை சம்பந்தி செய்கிறார் என்று. "அப்பா, எவ்வளவு ஆச்சு?" என்றாள். பாதிக்கு மேல் ஆகிவிட்டது என்றேன். ஆணியைக் கணக்கில் எடுத்தால் பொய் இல்லை.

என் பழைய ரப்பர் செருப்பு இரண்டையும் காணவில்லை. நாய் தூக்கிப் போயிருக்கும்.

டிசம்பர் 12, வியாழன்

மதியம் சாப்பிட்டுப் படுத்தால் கோதை செல்போனில் இழைப்பு வீடியோ போடுகிறாள். தையலுக்கு நடுவே கேட்பதற்கு நன்றாக இருக்கிறதாம். மரம் நார் போகும் திசையைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும், எதிர்த் திசையில் ஏற்றினால் பிய்யும் என்று எனக்கே சொல்கிறாள். தலையை ஆட்டிவைத்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்தது. மார்கழியில் புதுக் காரியம் எதுவும் தொடங்கக் கூடாது என்பது உலகத்துக்கே தெரியும். மண்டபத்தில்கூட வருடம் முழுக்க எனக்கு நிம்மதியான மாதம் இதுதான். கோதையிடம் சொன்னேன்.

"அப்ப தை பொறந்துதான்?"

"தை பொறந்துதான்."

"தை பதினெட்டுக்குப் புகுவிழாங்க."

"பதினெட்டு நாள் எதேஷ்டம்," என்றேன். முப்பது நாள் நன்றாகத் தூங்கலாம்.

டிசம்பர் 22, ஞாயிறு

தூக்கம் சரியில்லை. கையை மடக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுக்கிறேன். பனி.

டிசம்பர் 28, சனி

இதையும் எழுதியாக வேண்டும்.

காலையில் பெருமாள் கோவிலுக்குப் போய்ப் பொங்கல் வாங்கிக்கொண்டு வந்தேன். சுடச்சுட, தொன்னையில், நெய் வழிய. தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. யார் வீட்டிலோ போர்வெல் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். என் வீட்டு கேட்டைத் திறக்கும்போதுதான் டம்ளர்களை நடுங்கவைத்த அந்தச் சத்தம் என்று தெரிந்தது.

ஷெட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் எனக்கு முதுகு காட்டி, என் பழைய பேண்ட்டும் என் சட்டையும் போட்ட ஓர் ஆள். ஒரு விநாடி, நான்தான் அங்கே நிற்கிறேனோ என்றுகூடத் தோன்றியது. கூந்தலைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். சட்டைக் கையை மணிக்கட்டில் பட்டன் போட்டிருந்தாள். இரண்டு கையிலும் தள்ளுகட்டை, அடியில் என் ரப்பர் செருப்பை அறுத்து ஒட்டியிருந்தாள். சுவரில் நான் மாட்டியிருந்த ஒவ்வொரு விதியையும் அவள் செய்திருந்தாள், ஒன்றைத் தவிர. உருளை மேல் மூடி இல்லை. பலகை தாண்டியதும் அந்த உருளை திறந்தபடி சுற்றும். மூடியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்னவன் நான்.

கோதை என்று கத்த வாய் திறந்தேன். கத்தவில்லை. கத்தினால் திரும்புவாள், திரும்பினால் கை இறங்கும்.

முப்பது வருடம் கத்தியே சம்பாதித்தவன் நான். சாம்பார் எங்கே என்று கத்துவேன், மைக்கை நிறுத்து என்று கத்துவேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். தொன்னை கிழிந்து பொங்கல் உள்ளங்கையில் இறங்கியது. கீழே போட்டால் சத்தம் வருமே என்று அதையும் போடவில்லை. பலகை நகர்ந்தது. அது ஆள் நீளப் பலகை. இடது கையை எடுத்து முன்னால் வைத்தாள், வலது கையை எடுத்து முன்னால் வைத்தாள். உருளைக்கு மேலே கை போகிற ஒவ்வொரு முறையும் எனக்கு ஆறுச்சாமியின் கை தெரிந்தது. பெருமாளே, இவள் விரலுக்குப் பதில் என்னுடையதை எடுத்துக்கொள் என்று வேண்டினேன். அந்த மெஷினைத் தொடக்கூடத் தைரியம் இல்லாதவனின் வேண்டுதல்.

பலகை மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. சுவிட்சை அமுக்கினாள். உருளை நிற்கும்வரை தொடாமல் நின்றாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தீங்களா? கண்ணாடியாட்டம் வந்திருக்குது."

"மூடி பீரோ மேல இருக்குது," என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். எப்போது வாங்கி வந்தேன், எங்கே வைத்தேன், ஆறுச்சாமிக்கு வலது கையில் எத்தனை விரல், நான் ஏன் ஒரு நாளும் சுவிட்சைத் தொடவில்லை, எல்லாம். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பொங்கல் கையோடு கண்ணைத் துடைத்ததில் நெய் வேறு எரிந்தது.

அவள் தன் இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள்.

"அஞ்சு வாரமா ஊட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொன்னீங்களா? இது போயிருந்தா எதுல நான் ஊக்குத் தைக்கறது? எதுல சோறு திங்கறது?" குரல் உயரவில்லை. "பயமா இருக்குதுன்னு எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க? நான் யாரு உங்களுக்கு, சம்பந்தியா?"

ரவிக்கைக்கு மேல் போட்டிருந்த என் சட்டையைக் கழற்றி மெஷின் மேல் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

பேசவில்லை. சாப்பாடு வைத்தாள். உப்பு சரியாக இருந்தது, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜனவரி 1, புதன்

பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மூடியை மாட்டினேன். இரண்டு போல்ட், ஒரு ஸ்பிரிங். பலகை வந்தால் விலகுகிறது, போனதும் தானே வந்து மூடிக்கொள்கிறது. அரைமணி நேர வேலை. இதற்காக அஞ்சு வாரம்.

கோதை வாசலில் நின்று பார்த்தாள். மூடியைக் கையால் தள்ளி விட்டுப் பார்த்தாள். நன்றாக வந்து மூடியது.

"ம்," என்றாள். புது வருடத்து முதல் வார்த்தை.

ஜனவரி 3, வெள்ளி

ஒண்டிப்புதூர் போய் ஆறுச்சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க சார், உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். தெரியாதவன் வாயைத் திறந்திருக்கக் கூடாது என்று சொன்னேன். இந்தத் தடவை கோதையும் கூட வந்தாள். பிளேடு பற்றி அவரிடம் ஏதேதோ கேட்டாள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். எனக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப்பொங்கல். மெஷினுக்கும் பொட்டு வைத்தோம். மாலை போடலாம் என்று எடுத்து வந்தேன், தொங்கும் எதுவும் கூடாது என்று கோதை பிடுங்கிக்கொண்டாள்.

வேலை ஓடுகிறது. கோதை தள்ளுகிறாள், நான் மறுபக்கம் நின்று பலகை கீழே விழாமல் தாங்கிக்கொள்கிறேன். இழுக்கக் கூடாதாம், தாங்கினால் போதுமாம். ஒரு நாள் முன் பக்கம் நின்று பாருங்கள் என்றாள். நின்றேன். சுவிட்சைப் போட்டதும் முழங்கால் தந்தி அடித்தது. "ஒதுங்கிக்கங்க," என்றாள். ஒதுங்கிக்கொண்டேன். அவ்வளவுதான், ஒன்றும் குடி முழுகவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

ஆறு பலகையும் ஒட்டியாயிற்று. நகத்தால் தடவிப் பார்த்தேன், எது எங்கே சேர்கிறது என்று தெரியவில்லை. செருப்பு ஸ்டாண்டின் நாலாவது காலையும் சரிசெய்து கொடுத்தாள். கேட்கவில்லை, அவளாகவே செய்தாள்.

பிப்ரவரி 1, சனி

நேற்று புகுவிழா. எழுத இப்போதுதான் நேரம்.

பந்தி முடிந்ததும் சம்பந்தி எல்லோரையும் கூட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி நிறுத்தினார். ஊரில் பாதிப்பேர் இருந்தார்கள். "எங்க சம்பந்தி தங் கையால செஞ்சதுங்க! மணமேடைத் தேக்கு! ஒரு கடைக்காரன் செய்வானா இந்த மாதிரி?" என்று தட்டிக் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோதை கையில் பாயசத்தோடு ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் செய்யலீங்க," என்றேன். "செஞ்சது இவதானுங்க. எனக்கு அந்த மெஷினக் கண்டாலே பயம். ஒரு நாளும் ஓட்டுனதில்ல."

வீடே சிரித்தது.

"பாருங்க தன்னடக்கத்த!" என்று சம்பந்தி என் முதுகில் தட்டினார். "பெரிய மனுசன் பேச்சு பெரிய மனுசன் பேச்சுதான். பேர ஊட்டுக்காரம்மாவுக்குக் குடுக்கறாரு பாருங்க!"

"நெசமாலுமேங்க. முழங்கால் ஆடிப் போச்சுங்க எனக்கு," என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஒரு பெரியவர் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டார். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், தனக்கு ஒரு கட்டில் செய்து தர வேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோதையைக் கேளுங்க," என்றேன். அதற்கும் சிரிப்பு. கிருத்திகா மட்டும் சிரிக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பது வருடமாக எவ்வளவோ அளந்திருக்கிறேன். மாப்பிள்ளை வராத முகூர்த்தக் கதையை இருநூறு பேரிடம் சொல்லியிருப்பேன். ஒருவர்கூடச் சந்தேகப்பட்டதில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு உண்மையைச் சபையில் சொன்னேன், நம்ப ஆள் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். எப்படியோ இரண்டு சீட் கிடைத்தது. கிணத்துக்கடவு தாண்டும்வரை கோதை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் சொல்லத்தான் சொன்னேன். யாரும் நம்பல."

"நம்பாட்டிப் போகட்டும்," என்றாள். ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: "இன்னொருக்காச் சொல்லுங்க. அங்க அவங்க சிரிச்ச சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல."

பஸ் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் கேட்காது. பலமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்குப் பயம், கோதை. அன்னைக்கு உன்ற கை அந்த பிளேடுக்கு மேல போனப்ப, நான் செத்தே போயிட்டேன்."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.